உள்ளத்தின் தூய்மை: புனித தேவசகாயம் நடந்த வழி



மார்கழி முடிந்து தை பிறக்கும் நாள்களில் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் உள்ள நம் ஊர்களில் ஒரு வேலை தவறாமல் நடக்கிறது. வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம். கிழிந்த பாயையும் பழைய துணியையும் எடுத்து வெளியே போடுகிறோம். தொழுவத்தைக் கழுவி, வாசலில் சாணம் தெளித்துக் கோலமிடுகிறோம். கிறிஸ்தவ வீடு, இந்து வீடு என்ற வேறுபாடு இதில் இல்லை. வீடு தூய்மையாக இருந்தால்தான் புதுப்பானையில் பால் பொங்கும்போது மனம் நிறைகிறது. இந்த நாள்களிலேயே, ஜனவரி 14ஆம் நாள், நம் மண்ணின் மறைசாட்சியான புனித தேவசகாயத்தின் திருநாளும் வருகிறது. வீட்டைத் துடைக்கும் நேரத்தில் உள்ளத்தையும் பார்க்கச் சொல்லும் புனிதர் அவர்.

உள்ளத்தூய்மை என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ஒன்றுதான். கெட்ட எண்ணம் வரக் கூடாது, கண் தவறான இடத்தில் படக் கூடாது, உடலைக் கற்போடு காக்க வேண்டும். மறைக்கல்வி வகுப்பில் நாம் கற்றதும் பெரும்பாலும் இதுவே. இது தேவையானதுதான், இதைக் குறைத்துப் பேச முடியாது. ஆனால் மலைப்பொழிவில் தூய உள்ளத்தாருக்குக் கடவுளைக் காணும் பேற்றை இயேசு வாக்களித்தபோது, அவர் சொன்னது இதைவிடப் பெரியது. நற்செய்தியாளர் அங்கே எழுதிய கிரேக்கச் சொல் கத்தாரோஸ். அழுக்கில்லாதது என்பதோடு கலப்பில்லாதது என்றும் அதற்குப் பொருள் உண்டு. பதர் நீங்கிய தானியத்துக்கும், வேறொன்றும் சேராத பொருளுக்கும் அச்சொல் பொருந்தும்.

பாகூர்ப் பக்கத்து விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விதைக்கென்று விட்ட நெல் வயலில் இறங்கி, வேறு இரகத்துக் கதிர்களைப் பார்த்துப் பார்த்துப் பிடுங்குவார். கலவன் எடுப்பது என்று அதற்குப் பெயர். அந்தக் கலவன் கதிரும் பச்சையாகத்தான் நிற்கும்; அதுவும் நெல்தான். பார்வைக்கு அதில் அழுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் விதையோடு அது கலந்துவிட்டால் அடுத்த போகம் கெட்டுப்போகும். உள்ளமும் அப்படித்தான். கடவுளுக்கென்று விட்ட நிலத்தில் வேறு ஒன்று அழகாகவே வளர்ந்து நிற்கலாம். குலப்பெருமை, பதவி, ஊர் தரும் மரியாதை எல்லாம் அப்படி வளர்பவை. அவற்றை நாம் பாவமென்று நினைப்பதில்லை. அதனால் பிடுங்குவதும் இல்லை. தேவசகாயம் அவற்றைப் பிடுங்கினார். அதற்கு அவர் கொடுத்த விலை உயிர்.

நட்டாலத்து நீலகண்டன்

தெற்கே, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நட்டாலம் என்னும் ஊரில் 1712ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் நீலகண்டன். தந்தை வாசுதேவன் நம்பூதிரி. தாய் தேவகி அம்மாள். அந்தப் பகுதி அப்போது திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்தது. மார்த்தாண்டவர்மர் அரசராக இருந்தார். பத்மநாபபுரம் தலைநகராக இருந்தது. செல்வாக்கான குடும்பத்தில் பிறந்த நீலகண்டன், அக்குடும்பத்துப் பிள்ளைகளுக்குரிய கல்வியும் போர்ப் பயிற்சியும் பெற்றார். பத்மநாபபுரத்து அரண்மனையிலும் அங்குள்ள நீலகண்டசுவாமி கோவிலிலும் பொறுப்பான பதவி அவருக்குக் கிடைத்தது. பார்கவி என்னும் பெண்ணை மணந்தார். வீடு, நிலம், மாடு, மரியாதை என்று ஒரு மனிதன் விரும்பக்கூடிய எல்லாமே அவரிடம் இருந்தன.

அக்காலத்துத் திருவிதாங்கூரில் தூய்மை என்ற சொல்லுக்கு மிகத் தெளிவான பொருள் இருந்தது. யார் யாரைத் தொடலாம், யார் எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும், யார் எந்தத் தெருவில் நடக்கக் கூடாது என்பதெல்லாம் வரையறுக்கப்பட்டிருந்தன. சிலர் தொட்டால் மட்டுமல்ல, அருகே வந்தாலே தீட்டு. தீட்டுப் பட்டவர் குளத்தில் முழுகி எழுந்தால் தூய்மை திரும்பிவிடும். தீட்டு என்று பெயரிடப்பட்டவருக்கோ எத்தனை குளத்தில் முழுகினாலும் அது போகாது. கோவில்களின் கதவு எல்லாச் சாதியினருக்கும் அங்கே திறந்தது 1936ஆம் ஆண்டில்தான். நீலகண்டனின் காலம் அதற்கு ஏறத்தாழ 200 ஆண்டுகள் முந்தியது. இந்த ஏற்பாட்டின் உயர்ந்த படியில் நின்றவர் அவர். அரண்மனை, கோவில் இரண்டிலும் பணியாற்றிய அவருக்கு இந்த வெளித்தூய்மையைக் காப்பதும் அன்றாடக் கடமையின் ஒரு பகுதியாகவே இருந்திருக்கும்.

1741ஆம் ஆண்டு குளச்சல் போரில் திருவிதாங்கூர்ப் படை டச்சுக்காரரை வென்றது. அப்போது பிடிபட்ட அதிகாரிகளில் ஒருவர் டிலனாய். அரசர் அவரைக் கொல்லவில்லை. தம் படையைப் பயிற்றுவிக்கும் பணியில் அமர்த்தினார். கத்தோலிக்கரான டிலனாயோடு நீலகண்டனுக்கு நட்பு உண்டாயிற்று. அந்த நாள்களில் நீலகண்டனின் குடும்பத்தில் அடுத்தடுத்து இழப்புகள். மாடுகள் மடிந்தன, பயிர் அழிந்தது. மனம் நொந்திருந்த நண்பருக்கு டிலனாய் விவிலியத்தில் வரும் யோபுவின் கதையைச் சொன்னார் என்று மரபு கூறுகிறது. மக்களையும் மந்தைகளையும் இழந்து, உடல் முழுதும் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்தபோதும் கடவுளைப் பழிக்காத மனிதனின் கதை அது.

யோபுவின் கதையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புண்பட்டு ஊருக்கு வெளியே கிடந்த அவரை நண்பர்களே தீயவர் என்று முடிவு கட்டினார்கள். வெளியே கெட்டுப்போனவன் உள்ளேயும் கெட்டவனாகத்தான் இருப்பான் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு தவறு என்று கடவுளே தீர்ப்புச் சொன்னதோடு அந்நூல் முடிகிறது. வெளியே காணும் நிலையை வைத்து உள்ளத்தை அளக்கும் ஒரு சமூகத்தில் வளர்ந்த நீலகண்டனுக்கு இது புதிய செய்தி. அங்கிருந்து அவர் கிறிஸ்துவிடம் வந்தார்.

திருமுழுக்கும் நான்கு ஆண்டுகளும்

அரசுப் பணியாளர் ஒருவர் திருவிதாங்கூர் எல்லைக்குள் திருமுழுக்குப் பெறுவது ஆபத்தான செயல். ஆகவே நீலகண்டன் எல்லையைக் கடந்து, இன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் உள்ள வடக்கன்குளத்துக்குச் சென்றார். அங்கே 1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் இயேசு சபை அருள்பணியாளர் புத்தாரி அவருக்குத் திருமுழுக்கு அளித்தார். இலாசர் என்னும் விவிலியப் பெயரின் பொருள் கடவுள் உதவினார் என்பது. அந்தப் பெயரே தமிழில் தேவசகாயம் ஆயிற்று. பின்னர் அவருடைய மனைவியும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார்.

இதன் பிறகு அவர் கைதாகும் வரை ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் கழிந்தன. மறைசாட்சிகளின் வரலாற்றை வாசிக்கும்போது நாம் பெரும்பாலும் கடைசி நாளையே பார்க்கிறோம். உள்ளத்தூய்மையைப் பற்றிச் சிந்திக்கும்போதோ இந்த நான்கு ஆண்டுகள்தான் முக்கியம். தேவசகாயம் காட்டுக்கு ஓடிவிடவில்லை. அரசுப் பணிக்கே திரும்பினார். தம் நம்பிக்கையை மறைத்து வைத்துக்கொண்டு வெளியே பழைய மரியாதையோடு வாழ்ந்திருக்கலாம். உள்ளத்தில் கிறிஸ்து இருக்கிறார், அது போதும், ஊர் வழக்கத்தை ஏன் கெடுக்க வேண்டும் என்று அவர் நினைத்திருந்தால் யாரும் அவரைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

அவர் அப்படி நினைக்கவில்லை. தாழ்ந்த சாதியார் என்று ஒதுக்கப்பட்ட கிறிஸ்தவர்களோடு கூடிப் பழகினார், அவர்களோடு அமர்ந்து உண்டார். தம்மை உயர்த்தி வைத்திருந்த ஏணியிலிருந்து தாமே இறங்கினார். மேல்சாதியாருக்கு அவருடைய மதமாற்றத்தைவிட இதுதான் பெரிய அதிர்ச்சியாக இருந்தது என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள்.

நற்செய்தியின்படி அவர் செய்தது சரியே. சீடர்கள் கை கழுவாமல் உண்டதைப் பரிசேயர் குற்றமாகச் சொன்னபோது, வெளியிலிருந்து உள்ளே போவது மனிதனைக் கெடுப்பதில்லை, உள்ளத்திலிருந்து புறப்படும் தீமையே கெடுக்கிறது என்று இயேசு தீர்த்துச் சொன்னார். அந்த இடத்தில் அவர் அடுக்கிய தீமைகளில் காமமும் களவும் கொலையும் உண்டு. அவற்றோடு செருக்கும் உண்டு. இந்தப் பாடத்தைத் திருத்தூதர் பேதுருவே பிந்தித்தான் கற்றார். யோப்பா நகரில் வீட்டு மாடியில் அவர் கண்ட காட்சியும், அதன்பின் கொர்னேலியு என்னும் பிற இனத்துப் படைத்தலைவரின் வீட்டு வாசற்படியை அவர் மிதித்ததும் திருத்தூதர் பணிகள் நூலில் உள்ளன. எந்த மனிதரையும் தீட்டு என்று சொல்லக் கூடாது எனக் கடவுள் தமக்குக் காட்டியதாக அவர் அந்த வீட்டில் நின்று அறிவித்தார். இயேசுவோடு மூன்று ஆண்டுகள் நடந்தவருக்கும் ஒரு வாசற்படியைத் தாண்ட அவ்வளவு காலம் ஆயிற்று.

பேதுரு கொர்னேலியுவின் வீட்டில் கற்றதைத் தேவசகாயம் தம் ஊரில் ஏழை வீட்டுத் திண்ணையில் கற்றார். அடுத்தவரைத் தீட்டு என்று நினைக்கும் மனம் தூயதாக இருக்க முடியாது. அந்த நினைப்பே உள்ளத்தின் கலப்பு. கடவுளின் சாயலை ஒருவரில் மறுத்துவிட்டு அதே கடவுளை நற்கருணையில் பார்க்க நினைப்பவருக்குக் கண் தெளிவாக இல்லை என்றே பொருள். தூய உள்ளத்தாருக்கு வாக்களிக்கப்பட்டது கடவுளைக் காண்பது அல்லவா? கடவுள் யாரில் இருக்கிறார் என்பதையே பார்க்க மறுத்தால் எதைக் காண்போம்?

அவமானத்தின் மூன்று ஆண்டுகள்

1749ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் தேவசகாயம் கைது செய்யப்பட்டார். அவர்மீது சுமத்தப்பட்ட குற்றம் பற்றி வரலாற்று ஆய்வாளரிடையே ஒரே கருத்து இல்லை. அரசியல் காரணமே பெரிது என்பவரும் உண்டு. திருச்சபை நீண்ட விசாரணைக்குப் பின், நம்பிக்கையின் பொருட்டே அவர் கொல்லப்பட்டார் என்ற முடிவுக்கு வந்தது.

அடுத்து வந்த ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் அவருக்கு இழைக்கப்பட்டவற்றை வாசிக்கும்போது ஒன்று விளங்குகிறது. அவருடைய உடலை வதைத்ததோடு, ஊர் பார்க்க அவரைக் கேவலப்படுத்துவதும் நோக்கமாக இருந்தது. கைகளைப் பின்னால் கட்டி, எருமையின் மேல் பின்புறம் பார்க்க உட்காரவைத்து, எருக்கம்பூ மாலை போட்டு, ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். குதிரையில் போனவர் எருமையில் போனார். கோவில் மாலைகளின் நடுவே வாழ்ந்தவர் கழுத்தில் எருக்கு தொங்கியது. கம்பால் அடித்து, புண்ணில் மிளகாய்ப் பொடி தடவி, வெயிலில் நிறுத்தினார்கள். தாகத்துக்கு அழுக்கு நீரே கிடைத்தது. பழைய வாழ்வில் அவர் தூய்மையென்று காத்த ஒவ்வொன்றையும் அவர் உடலிலிருந்து உரித்து எடுத்தார்கள். யார் பார்த்தாலும் ஒதுங்கிப்போகும் ஆளாக அவரை ஆக்கினார்கள்.

ஆனால் அவர் உள்ளத்தை அவர்களால் அழுக்காக்க முடியவில்லை. அந்த உள்ளத்தில் வெறுப்பு முளைத்திருந்தால் அவர்கள் வென்றிருப்பார்கள். தம்மை வதைத்தவர்களைப் பழிக்காமல் பொறுமையோடும் செபத்தோடும் அவர் இருந்தார் என்பதே மக்கள் நினைவில் நின்ற செய்தி. புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் துவண்ட அவர் செபித்துப் பாறையில் முட்டியபோது நீர் ஊறியதாக மக்கள் நம்புகிறார்கள். அந்த இடத்துக்கு இன்றும் செல்கிறார்கள். பெருவிளையில் அவரை ஒரு வேப்பமரத்தில் கட்டிவைத்திருந்தார்கள். தண்டனைக்காகக் கட்டப்பட்ட அந்த மரத்தடிக்கு நோயாளிகளும் துயரப்பட்டவர்களும் தேடி வந்தார்கள். அவருக்காக அனுதாபப்பட வந்தவர்கள் அவரிடம் தங்களுக்காகச் செபிக்கக் கேட்டுப் போனார்கள். ஊர் தீட்டு என்று தள்ளிய மனிதரிடம் ஊரே ஆசீர் பெற வந்தது. உள்ளம் தூயதா என்பதை மக்கள் கண்டுகொள்ள நெடுநாள் ஆவதில்லை.

இறுதியில் ஆரல்வாய்மொழிக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவரை, 1752ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு வயது 39. கிறிஸ்தவ மக்கள் அவருடைய உடலின் எஞ்சிய பகுதிகளைச் சேகரித்துக் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். அன்றிலிருந்து அந்தக் கல்லறையில் மக்கள் செபிக்கிறார்கள். 2012 டிசம்பர் 2ஆம் நாள் நாகர்கோவிலில் அவருக்கு அருளாளர் பட்டமும், 2022 மே 15ஆம் நாள் உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களால் புனிதர் பட்டமும் வழங்கப்பட்டன. இந்தியாவின் பொதுநிலையினரில் முதல் புனிதர் அவரே. புனிதர் பட்டத்துக்கு முன் திருச்சபை ஆவணங்களில் அவர் பெயரோடு வந்த பிள்ளை என்ற சாதிப் பெயர் நீக்கப்பட்டது. உயிரோடு இருந்தபோது தாமே இறக்கிவைத்த சுமையை, இறந்தபின் நாம் அவர் தோளில் ஏற்றி வைத்திருந்தோம். அது இறங்கக் கிட்டத்தட்ட 270 ஆண்டுகள் ஆயின.

அதே ஆண்டில் புதுச்சேரியில்

தேவசகாயத்தின் கதை நட்டாலத்தோடு நின்றுவிடுவதில்லை. அவர் சுடப்பட்ட அதே 1752ஆம் ஆண்டில் நம் பாகூர் மண்ணில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் போரிட்டார்கள் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. நாம் அதிகம் பேசாத செய்தி இன்னொன்று உண்டு. அவர் திருமுழுக்குப் பெற்ற 1745ஆம் ஆண்டில், புதுச்சேரி சம்பா கோவிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. சாதிக் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், பறச்சேரிக் கிறிஸ்தவர்கள் மறுபக்கம் என்று பிரிப்பதற்காக எழுப்பப்பட்ட சுவர் அது. ஒரே பலிபீடம், ஒரே பூசை, நடுவே சுவர்.

அவ்வாண்டு அக்டோபரில் சேரிகளைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள் ஒன்றுசேர்ந்து பெரிய குருவிடம் போனார்கள். தாங்களும் அவருடைய பிள்ளைகள்தான் என்றால் இந்த வேறுபாடு ஏன் என்று முறையிட்டார்கள். குரு அவர்கள் சொன்னதை ஏற்றுச் சுவரை இடிக்கச் செய்தார். சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். இதைப் பதிவு செய்தவர் ஆனந்தரங்கப்பிள்ளை. அவர் கிறிஸ்தவரல்லர், வைணவர். நம் ஆலயத்துக்குள் நடந்ததை வெளியே இருந்து பார்த்துத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அந்தப் பழைய ஆலயம் 1761இல் ஆங்கிலேயர் நகரைப் பிடித்தபோது அழிந்தது. அதன் நாட்குறிப்பு அழியவில்லை.

தெற்கே எருமைமேல் போன தேவசகாயம் எந்த வேலியைத் தாண்டினாரோ, அதே வேலியைச் செங்கல்லால் கட்டிக் கோவிலுக்குள் வைத்திருந்தார்கள் கிறிஸ்தவர்கள். இது புதுச்சேரியின் கதை மட்டுமன்று. அவர் திருமுழுக்குப் பெற்ற வடக்கன்குளத்திலேயே 19ஆம் நூற்றாண்டில் கட்டிய பெரிய ஆலயத்தில் சாதிக்கு ஒரு பிரிவாக இரண்டு நடைகள் அமைந்தன. இடையே நின்ற தடுப்பு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அகற்றப்பட்டது. அதுவும் வழக்கு மன்றம் வரை சென்றது. நம் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில் 2008 மார்ச் மாதத்தில் கத்தோலிக்கருக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே மூண்ட சாதிக் கலவரத்தில், காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு உயிர்கள் போயின. அன்று மோதிய இருதரப்பார் கையிலும் செபமாலை இருந்த வீடுகள்தான். இதை எழுதுவது யாரையும் புண்படுத்துவதற்கு அல்ல. உள்ளத்தூய்மை என்பது தனிமனிதர் தம் அறையில் காக்கும் ஒன்று மட்டுமே என்று நினைத்தால் எவ்வளவு தொலைவு போய்விடுவோம் என்பதற்கு இவை சாட்சி.

கலவன் எடுக்கும் காலம்

இன்று நம் ஆலயங்களில் சுவர் இல்லை. ஊர்த்தெருவும் காலனியும் ஒரே மணியோசை கேட்டு ஒரே கூரையின்கீழ் கூடுகின்றன. ஈஸ்டருக்குப் பின் வரும் வில்லியனூர் மாதா திருவிழாவில் எல்லாச் சாதியினரும், எல்லா மதத்தினரும் வருகிறார்கள். மாதா கோவில் குளத்தில் காலை நனைத்துக்கொண்டு நிற்கும் கூட்டத்தில் யார் எந்தத் தெரு என்று தண்ணீர் கேட்பதில்லை. இதற்காக இறைவனுக்கு நன்றி கூறுகிறோம்.

ஆயினும் சுவர் இடிந்தாலும் அது நின்ற கோடு மனத்தில் நின்றுவிடுவது உண்டு. ஆன்ம சோதனைக்கென்று சிறுவயதில் நாம் மனப்பாடம் செய்த வரிசையில் பொய் உண்டு, கோபம் உண்டு, ஞாயிறு பூசை தவறியது உண்டு. காலனியிலிருந்து வந்த வேலையாளுக்குத் தனிக் குவளையில் தண்ணீர் கொடுத்தது அந்த வரிசையில் இருந்ததா? பங்குப் பேரவைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது மனம் முதலில் எதைப் பார்த்தது என்பது இருந்ததா? திருமண வரன் பார்க்கையில் பையனின் குணத்தையும் நம்பிக்கையையும் கேட்பதற்கு முன் எதைக் கேட்டோம் என்பது இருந்ததா? கல்லறைத் தோட்டத்தில் யார் பக்கத்தில் யாரை வைப்பது என்ற வழக்கு தமிழ்நாட்டுக் கிறிஸ்தவ ஊர்கள் பலவற்றில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. மண்ணுக்குள் போன பிறகும் தீட்டு பார்ப்பவர் உயிர்ப்பை எப்படி நம்புகிறார்?

இவற்றை நாம் பாவமென்று எண்ணாததால் ஒப்புரவு அருளடையாளத்தில் சொல்வதில்லை. சொல்லாததால் இவை வளர்கின்றன. மற்ற பாவங்களுக்கு வெட்கப்படுகிறோம். இதற்குப் பெயர் குடும்ப கௌரவம் என்று வைத்துவிட்டோம். வயலில் கலவன் தப்புவதும் இப்படித்தான். அது களையைப் போல இருந்தால் யார் கண்ணுக்கும் தெரிந்துவிடும். நெல்லைப் போலவே இருப்பதால்தான் குனிந்து, கதிர் கதிராகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தேவசகாயம் இதை ஒரே நாளில் செய்யவில்லை. டிலனாயின் பேச்சைக் கேட்டது ஒரு படி. எல்லை கடந்து வடக்கன்குளம் போனது ஒரு படி. திரும்பி வந்து தாழ்த்தப்பட்டவரின் பக்கத்தில் இலை போட்டு உட்கார்ந்தது இன்னொரு படி. அதற்குப் பிறகு வந்த எருமையும் எருக்கும் அவர் தேர்ந்தெடுத்தவை அல்ல. ஆனால் அவற்றைத் தாங்கும் உள்ளம் அந்தச் சிறிய படிகளில்தான் உருவாயிற்று. நமக்கு மறைசாட்சியத்தின் வாய்ப்பு வராமல் போகலாம். சிறிய படிகளின் வாய்ப்பு ஒவ்வொரு வாரமும் வருகிறது. இதுவரை போகாத தெருவில் ஒரு நோயாளியைப் பார்க்கப் போகலாம். அங்கே கொடுக்கும் தேநீரை அங்கேயே உட்கார்ந்து குடிக்கலாம். வீட்டில் பிள்ளைகள் காதில் விழும்படி நாம் பேசும் பேச்சில் சாதிப் பெயரை இழிவாகச் சொல்லும் வழக்கத்தை விடலாம். அன்பியக் கூட்டம் இரு தெருவிலும் மாறி மாறி நடக்கட்டும். இவற்றில் எதற்கும் பணம் தேவையில்லை. ஊர் என்ன சொல்லும் என்ற அச்சத்தைத்தான் விட வேண்டியிருக்கும்; அந்த அச்சமே உள்ளத்தில் கடவுளோடு போட்டியிடும் இரண்டாவது எசமானர்.

உள்ளத்தைத் தூயதாக்கும் ஆற்றல் நமக்கு இல்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. தாவீது தம் பாவத்தை உணர்ந்து அழுதபோது, தூயதோர் உள்ளத்தைப் படைத்துத் தரும்படி கடவுளிடமே கேட்டார். படைப்பது கடவுளின் வேலை. கேட்பதும், அவர் கை வைக்கும்போது விலகாமல் நிற்பதும் நம் வேலை. கடவுள் உதவினார் என்ற பொருளில் ஒரு பெயரைத் தாங்கி வாழ்ந்தவரிடம் இந்த அருளை நமக்காகப் பரிந்து கேட்கச் சொல்லுவோம்.

செபிப்போம்: அன்பான இறைவா, உம் ஊழியர் தேவசகாயத்தின் உள்ளத்திலிருந்து பிறப்பின் பெருமையை நீக்கி, உம்மை மட்டும் நாடும் அன்பை நிரப்பினீர். எங்கள் உள்ளத்தையும் பாரும். நாங்கள் பாவமென்று அறியாமல் வளர்த்துவரும் பிரிவினைகளை எங்களுக்குக் காட்டியருளும். யாரையும் ஒதுக்காத மனத்தோடு உமது பந்தியில் அமரவும், எங்கள் அயலாரின் முகத்தில் உம்மைக் காணவும் வரம் தாரும். எங்கள் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.